புள்ளட்டக் கேக்கணும்

“எல்லாம் முடிஞ்சிது தங்கச்சி. இனி ஒண்டுக்கும் யோசிக்காத” என்று காக்கா, அவளுடைய மூத்த அண்ணன், சொன்னபோது, மஸூதா மொன்றியலில் ஒரு கேக் தொழிற்சாலைச் சாப்பாட்டறையின் சுவர்த் தொலைபேசியில் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பின்னால் மைக்ரோவேவுக்குப் பெண்கள் வரிசையில் நின்று பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் போட்ட பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தாள். அதன் எலாஸ்டிக் நெற்றியில் அரித்தது.

“என்ன முடிஞ்சிது காக்கா?”

“மச்சான் தலாக் தாறத்துக்குச் சம்மதிச்சிட்டார். காதியார்ர வீட்டில எல்லாருமா இருந்து கதைச்சம். நானும் ஒனக்காகச் சம்மதம் சொல்லிட்டு வந்தன்.”

“என்னத்துக்குச் சம்மதம்?”

அந்தப் பக்கம், இலங்கையின் ஏறாவூரில், ஒரு மோட்டார்சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. காக்கா தொண்டையைச் செருமினார்.

“புள்ளையக் குடுக்கிறத்துக்கு.”

வரிசையில் நின்ற ஹெய்ட்டிக்காரி தன் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டி, முன்னால் போகிறாயா என்று கையால் கேட்டாள். மஸூதா வேண்டாம் என்று தலையாட்டினாள். காக்கா அதற்குள் விளக்கிக்கொண்டே போனார். பிள்ளையை அவள் கணவர் நயீமுதீன் ஏறாவூருக்குக் கொண்டுவந்து தன் உம்மாவிடம் விடுவார், பிள்ளை நல்ல குர்ஆன் ஓதல் பழக்கத்தோடு வளரும், மஸூதா இன்னும் இளம் பெண்தானே, அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும், ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லித் தனக்கும் வாய் நோகிறது. எல்லாம் அவளுக்காகத்தான். அப்படிச் சொல்லும்போது காக்காவின் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு ஃபோனை வைத்திருக்கலாம்.

“காக்கா, நான் வேலைக்குப் போகணும். மறுகா எடுக்கிறன்” என்றாள். கேக் பெட்டிகள் நகரும் பட்டியில் வர, அவற்றை மூடி ஒட்டுவது அவள் வேலை. அன்று பின்னேரம் அவள் ஒட்டிய பெட்டிகளில் பாதி கோணலாகப் போயின. மேற்பார்வை பார்ப்பவன் வந்து இரண்டு முறை பெருமூச்சு விட்டுவிட்டுப் போனான்.

நயீமுதீனும் அவளும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் நகரின் வடக்கே வில்லரேயில் ஒரு மேல்மாடியில் இருந்தார், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினார். அவள் மகள் நுஸ்லாவோடு தெற்கே லாசாலில் இருந்தாள். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் இருவரும் வாய் திறந்தால் சண்டை. பிரிந்த பிறகு அதற்கு ஒரு காரணம் சொல்லச் சொல்லி ஊரும் உலகமும் கேட்டது, அவளால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. மொன்றியல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுப் பிள்ளையை அவளிடம் விட்டிருந்தது. அவளுடைய வழக்கறிஞர், சட்ட உதவியில் கிடைத்த ஓர் இளம் பெண், அன்றைக்குச் சந்தோஷமாகச் சிரித்தாள். ஊரில் முஸ்லிம் கல்யாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரின் கதையைச் சொன்னபோது இன்னும் அதிகமாகச் சிரித்தாள். மே மாதம் கியூபெக் சட்டசபை ஒரே குரலில் தீர்மானம் போட்டிருக்கிறது, இஸ்லாமிய நீதிமன்றம் எதுவும் இங்கே செல்லாது, நீங்கள் பயப்படவே தேவையில்லை என்றாள். தனக்குத் தெரிந்த ஒரு வானொலிக்காரி இந்தக் கதையைக் கேட்டால் மிகவும் விரும்புவாள் என்றும் சொன்னாள். உங்களைப் போன்றவர்களின் குரல் வெளியே வர வேண்டுமாம்.

மஸூதாவின் குரலுக்கு அப்போது கொஞ்சம் தண்ணீர்தான் தேவைப்பட்டது. தீர்மானம் போட்டவர்கள் யாரும் ஏறாவூரில் அவளுடைய உம்மாவின் வேலிக்கு அடுத்த பக்கத்தில் குடியிருக்கவில்லை. கல்யாணம் பதிந்தது அங்கே. இங்கே கிடைக்கும் விவாகரத்துப் பத்திரத்தைக் கொண்டுபோய் அங்கே காட்டினால், கவனமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மடித்துத் தருவார்கள். அவள் இன்னும் நயீமுதீனின் பெண்சாதிதான். இங்குள்ளவர்களுக்கு அவள் காப்பாற்றப்பட வேண்டியவள், அங்குள்ளவர்களுக்கு அடக்கப்பட வேண்டியவள். நடுவில் நுஸ்லா என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதை இரண்டு பக்கமும் ஒரு பொருளைச் சொல்வது போலத்தான் சொன்னார்கள்: பிள்ளை யாரிடம், பிள்ளையைக் கொடு, பிள்ளையை எடு.

அந்த வழக்கறிஞரிடம் முதல் முறை போனபோது நுஸ்லாவைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தாள். அவளைவிட யாருக்கு நல்ல பிரெஞ்சு தெரியும்? வழக்கறிஞர் சிரிப்பதை நிறுத்தியது அன்று ஒரு முறைதான். தாய் தகப்பனின் வழக்கைப் பிள்ளையின் வாயால் கேட்க மாட்டேன் என்று நுஸ்லாவை வெளியே அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு மொழிபெயர்க்க யோசெப்பின் வந்தாள்.

யோசெப்பின் அதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருந்தாள். ஏறாவூருக்குப் பக்கத்து மட்டக்களப்பு, புளியந்தீவுக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். முதன்முதலில் மின்தூக்கியில் மஸூதா ஃபோனில் “மறுகா கதைப்பம்” என்று சொன்னதைக் கேட்டு, “நீங்க எங்கட பக்கம்தானே கா?” என்று கேட்டவள். யாழ்ப்பாணத் தமிழ் கேட்டுக் கேட்டுக் காய்ந்திருந்த இருவருக்கும் அந்த ‘மறுகா’ ஒன்றே போதுமாக இருந்தது. பள்ளி விட்டால் நுஸ்லா யோசெப்பினின் வீட்டுக்குத்தான் போவாள்.

“உன்ர அண்ணன் சம்மதிச்சா அது உன்ர சம்மதமா?” யோசெப்பின் கேட்டாள். “அங்க லோயர் ஒருத்தரும் இல்லையா?”

“காதிக் கோட்டுக்கு லோயர் போக ஏலா. ஆம்புளைகள் போய்க் கதைப்பாங்க.”

“அப்ப நீ ஃபோன்ல கதை. ஃபோனுக்கு ஆம்புளை பொம்புளை தெரியாது.”

காதியாரின் இலக்கத்தைக் காக்காவிடம் வாங்க முடியாது. உம்மாவிடம் வாங்கினாள். உம்மா அழுதுகொண்டேதான் இலக்கத்தைச் சொன்னாள், அதனால் ஒரு இலக்கம் தவறிப்போய் முதலில் வாழைச்சேனையில் ஒரு சைக்கிள் கடைக்கு அழைப்புப் போனது. யோசெப்பினின் ஃபோனிலிருந்து மறுபடி எடுத்தபோது காதியாரே எடுத்தார். ஓய்வு பெற்ற பள்ளி அதிபர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது.

“நீங்க ஏன் எடுக்கிறீங்க? ஒங்கட காக்கா எல்லாம் கதைச்சுட்டுப் போனாரே.”

“காக்காக்குப் புள்ள இல்ல சேர். எனக்குத்தான் புள்ள.”

“அவர் ஒங்களுக்காகத்தானே...”

“நான் சம்மதிக்கல்ல சேர். அதச் சொல்லத்தான் எடுத்தன்.”

காதியார் நீளமாக மூச்சு விட்டார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. பிள்ளைப் பொறுப்பு தன் அதிகாரத்தில் வரும் விசயமே இல்லை, அது மட்டக்களப்புக் கோட்டுக்குரியது என்று எத்தனை தரம் சொன்னாலும் இந்தச் சனம் கேட்பதில்லை என்றார். வாசலில் வந்து குந்தியிருந்து எழுதித்தா எழுதித்தா என்று நிற்கிறார்கள். இரண்டு பேரும் இணங்கினால் அதை இணக்கமென்று எழுதுவாராம், அவ்வளவுதான். இணங்கவில்லையென்றால் அவர் ஏன் பேனையைத் தொட வேண்டும்? பிறகு, கோபத்தின் நடுவில் ஏதோ ஞாபகம் வந்தவரைப் போல நிறுத்தினார்.

“புள்ளைக்கு எத்தின வயசு?”

“எட்டு முடிஞ்சிட்டுது.”

“ஆண் புள்ளையா?”

“பொம்புளப் புள்ள.”

“அப்ப புள்ளட்டக் கேக்கணுமே. நம்மட மத்ஹபுச் சட்டத்தில வெளங்குற வயசு வந்த புள்ள ஆர்ட்ட இரிக்கப்போறன் எண்டு தன்ட வாயால சொல்லணும். இத ஒங்கட காக்காவும் சொல்லல்ல, மாப்பிள்ளட பக்கத்தாரும் சொல்லல்ல. எல்லாரும் புள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரித்தான் கதைச்சாங்க. சனிக்கிழம மஃரிபுக்குப் பிறகு எடுங்க. மாப்பிள்ளையும் அங்க வந்து இரிக்கட்டும். புள்ளையையும் வச்சிரிங்க.”

ஃபோனை வைத்த மஸூதாவுக்கு முதலில் வென்றுவிட்டது போலிருந்தது. படியேறி மேலே வரும்போது பாதியில் நின்றுவிட்டாள்.

புள்ளட்டக் கேட்டால் புள்ள என்ன சொல்லும்? இரண்டு வருடமாக எல்லோரோடும் பிள்ளைக்காகச் சண்டை பிடித்தவள், பிள்ளையிடம் கேட்பதை யோசித்ததே இல்லை. வில்லரேயில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறது. வாப்பா சனிக்கிழமைகளில் லொறியில் முன்னால் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுகிறார், சந்தைக்காரர்கள் நுஸ்லாவின் கையில் பீச் பழம் வைக்கிறார்கள். அங்கே சிரிப்பு. இங்கே என்ன? சப்பாத்தைக் கழற்று, கையைக் கழுவு, ஓதினாயா, வீட்டுப்பாடம் எங்கே, தமிழில் பதில் சொல். போன மாரியில் கையுறையைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு ஒரு அடியும் கொடுத்திருக்கிறாள். நீச்சல் வகுப்புக்குக் கேட்டதற்கு, யார் கூட்டிப்போவது என்று கத்தியிருக்கிறாள். பிள்ளையை வளர்க்கிற வேலையெல்லாம் செய்கிறவள் பிள்ளைக்குப் பிடிக்காதவளாகிவிடுவது என்ன நியாயம் என்று மஸூதா படியில் நின்று நினைத்தாள். உடனே அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குக் கோப்பை துடைத்துக்கொண்டே, பெரிய விசயமில்லை என்பதுபோல், “வாப்பாட்டயா உம்மாட்டயா இருக்க விருப்பம் எண்டு ஒராள் கேட்டா என்ன சொல்லுவ மகள்?” என்றாள்.

நுஸ்லா வரைந்துகொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. “சா தெபான்” என்றாள்.

“தமிழ்ல சொல்லு.”

“அதப் பொறுத்தது.”

“எதப் பொறுத்தது?”

“ஆர் கேக்கிறாங்க எண்டதப் பொறுத்தது.”

மஸூதா துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். பிறகு, வருகிற மாதம் முதல் நீச்சல் வகுப்பில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன் என்றாள். சொன்ன கணமே வெட்கமாக இருந்தது. நுஸ்லா நிமிர்ந்து, வியாபாரியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள்.

ஏறாவூரில் மஃரிப் தொழுது முடிக்கிற மாலை நேரம் மொன்றியலில் காலை; அந்தச் சனிக்கிழமை காலை யோசெப்பினின் வீட்டில் கூடினார்கள். மஸூதாவின் வீட்டுக்குள் நயீமுதீன் வரமாட்டார், அவருடைய வீட்டுக்கு இவள் போகமாட்டாள். யோசெப்பினுடைய ஃபோனில் ஒலிபெருக்கியும் இருந்தது. நயீமுதீன் இஸ்திரி போட்ட சட்டையோடு, சவரம் செய்த முகத்தோடு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஒன்று அவருக்குக் கீழே கீச்சென்றது. யாரும் சிரிக்கவில்லை. இணைப்புக் கிடைத்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டமே இருப்பது தெரிந்தது. காக்கா சலாம் சொன்னார், நயீமுதீனின் மாமா சலாம் சொன்னார், இன்னும் யாரோ இருமினார்கள். ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள்.

“சின்னப் புள்ளட்ட என்னத்தக் கேக்கிற?” என்றார் காக்கா. “மிட்டாய் குடுத்தவன் பக்கம் சாயும்.”

“நாங்க பெரியாக்கள் பேசித் தீர்த்ததத் திரும்பக் கிளர்றது நல்லமில்ல” என்றார் மாமா.

ஒருவரையொருவர் மூன்று மாதமாக ஏசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் இந்த ஒரு விசயத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள். மஸூதா நயீமுதீனைப் பார்த்தாள். அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதியார் மேசையில் எதையோ தட்டி எல்லோரையும் அடக்கினார்.

“புள்ள இரிக்கா? மகள், பேர் என்ன?”

நுஸ்லா ஃபோனுக்குக் கிட்டப் போனாள். பேரைச் சொல்லவில்லை. “அங்க ஆரெல்லாம் கேட்டுட்டிரிக்காங்க?” என்றாள்.

காதியார் கொஞ்சம் திகைத்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார். நுஸ்லா கேட்டுவிட்டு, “எல்லாரும் போனாத்தான் சொல்லுவன்” என்றாள். திரும்பிப் பார்த்து, “உம்மாவும். வாப்பாவும்” என்றாள். “யோசெப்பின் மாமி மட்டும் நிக்கட்டும். எனக்கு எல்லாத்துக்கும் தமிழ் தெரியா.”

ஏறாவூரில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் காக்காவின் முணுமுணுப்பும் கேட்டன. இங்கே மஸூதாவும் நயீமுதீனும் எழுந்து, வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் போலக் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்கள். கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டது.

தாழ்வாரத்தில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. மஞ்சள் விளக்கு. இருவரும் எதிரெதிர்ச் சுவர்களில் சாய்ந்து நின்றார்கள். சலவைக் கூடையோடு வந்த ஒரு கிழவர் “பொன்ஜூர்” என்று சொல்லிக்கொண்டு இருவருக்கும் நடுவால் போனார்.

“இதெல்லாம் ஒன்ட வேல” என்றார் நயீமுதீன்.

“என்ட வேல இல்ல. புள்ளைய ஊருக்கு அனுப்பப் பாத்தது ஆரு?”

“நான் அனுப்பச் சொல்லல்ல. மாமாதான் அப்பிடிக் கதைச்சார். நான் புள்ள என்னட்ட இரிக்கட்டும் எண்டுதான் சொன்னன்.”

“நீங்க வேண்டாம் எண்டு சொன்னீங்களா?”

“புள்ளைக்கு நீ என்ன சொல்லிக் குடுத்த?” என்றார்.

“ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல.” பிறகு, “நீச்சல் வகுப்பு” என்றாள். “நீங்க?”

“சைக்கிள்.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஊதா நிறத்தில ஒண்டு. கடையில சொல்லி வச்சிட்டன்.”

மஸூதாவுக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. நயீமுதீன் மெல்ல நகர்ந்துபோய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே நுஸ்லாவின் குரல், ஆனால் சொற்கள் இல்லை. வேகமான பிரெஞ்சு, பிறகு யோசெப்பினின் தமிழ். மஸூதா எட்டி அவருடைய சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தாள். “கேக்காதீங்க. புள்ள போகச் சொன்னதானே?” அவர் விலகினார். இஸ்திரி போட்ட சட்டையில் அவள் பிடித்த இடம் கசங்கிப்போயிருந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரைத் தொட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் தரையில் குந்தினார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

“அவள் என்னைய வேண்டாம் எண்டு சொல்லிட்டா என்ன செய்ற?” என்றார். அவளிடம் கேட்டதா, தனக்குத்தானே சொன்னதா தெரியவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. யோசெப்பினின் கண் சிவந்திருந்தது. நுஸ்லா சமையலறையில் பிஸ்கட் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். “முடிஞ்சிது, பசிக்குது” என்றாள்.

காதியாரின் குரல் இப்போது தணிந்திருந்தது. எரிச்சல் போகவில்லை, இடம் மாறியிருந்தது. “புள்ள சொன்னது எனக்கும் புள்ளைக்கும் இடையில அமானிதம், வெளிய போகப்படாத ரகசியம். அப்பிடித்தான் அது கேட்டிச்சு, நானும் வாக்குக் குடுத்திட்டன். ரெண்டு பேரும் கேக்கப்படாது. நான் இப்ப சொல்றது புள்ள சொன்னதா, நான் யோசிச்சதா எண்டும் கேக்கப்படாது. வெளங்கிச்சா?”

வெளங்கிச்சு என்று இருவரும் சொன்னார்கள்.

பிள்ளை படிக்கிற இடத்தில் படிக்கட்டும். பள்ளி நாட்களில் உம்மாவோடு, சனி ஞாயிறும் பாதி விடுமுறையும் வாப்பாவோடு. பிள்ளை தானாகக் கேட்காமல் யாரும் ஏறாவூருக்குக் கொண்டுவரக் கூடாது. இதற்கு இரண்டு பேரும் இணங்கினால் எழுதுவேன், இல்லையென்றால் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்றார். மஸூதா இணங்கினாள். நயீமுதீன் வாயைத் திறந்தார், மூடினார், இணங்கினார். அந்தப் பக்கத்தில் மாமா ஏதோ சொல்ல வந்தார். “நீங்க வெளிய இரிங்க” என்றார் காதியார்.

“அப்ப தலாக், சேர்?” மஸூதா கேட்டாள்.

“அது வேற விசயம். சாட்சி ரெண்டு பேரும் இண்டைக்கு வரல்ல. நோன்பு முடியட்டும், பெருநாளுக்குப் பிறகு ஒரு தவணை போடுவம்.”

மஸூதா கண்ணை மூடிக்கொண்டாள். யோசெப்பின் ஃபோனை வைத்தாள்.

அடுத்த நாட்களில் அவள் வழக்கறிஞருக்குச் சொன்னாள். வழக்கறிஞர், இதையே நம் நீதிமன்றத்தில் ஒப்பந்தமாகப் பதிந்துவிடலாம் என்று மகிழ்ந்தாள், இது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். காக்கா ஒரு வாரம் கதைக்கவில்லை. நயீமுதீன் சனிக்கிழமை வந்து கீழே நின்று ஹோர்ன் அடித்தார். பிள்ளை விசயத்தில் எல்லாம் அவள் கேட்டபடியே நடந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் கேக் பெட்டிகளை மூடும்போது, அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட வேகமான பிரெஞ்சு காதில் ஓடிக்கொண்டேயிருந்தது. பிள்ளை தன்னைக் கேட்டதா, காதியார் பாவம் பார்த்துக் கொடுத்ததா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் யோசெப்பினிடம் போனாள். யோசெப்பின் ஒரு கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டு கா. என்னையா?”

“நான் தலையையும் ஆட்டமாட்டன்.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அல்லாவாண.”

“மஸூதா.” யோசெப்பின் கரண்டியை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்து மஸூதா அதுவரை பார்த்ததில்லை. “அந்தப் பிள்ளை அண்டைக்கு என்ர கையப் பிடிச்சுக்கொண்டு அழுதிச்சு. உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து அதுக்கு அலுத்துப்போச்சு கா. அது ஒரு சொல்லுத்தான் தனக்கெண்டு வச்சிருக்கு. அதையும் வாங்கப் போறியா?”

மஸூதா மேலே வந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பின்னேரம் நுஸ்லா வில்லரேயிலிருந்து வந்தாள். தலை முழுக்கச் சிக்கு. வாப்பாவுக்குத் தலை சீவத் தெரியாது. மறுநாள் பள்ளி. மஸூதா அவளைக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, சிக்கு எடுக்கத் தொடங்கினாள். நுஸ்லா ஊதா சைக்கிளைப் பற்றியும், அதில் விழுந்ததைப் பற்றியும், வாப்பா பயந்து தெருவில் ஓடிவந்ததைப் பற்றியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போய் நடுவில் நிறுத்திவிட்டாள். இதைச் சொல்லலாமா என்று பார்ப்பதுபோல் கண்ணாடியில் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“காயம் பட்டதா?”

“கொஞ்சம். நீச்சல் எப்ப?”

“புதன்கிழமை.”

சீப்பு மெதுவாக இறங்கியது. வீட்டில் யாரும் இல்லை, ஃபோனும் அடிக்கவில்லை, கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மஸூதாவின் நெஞ்சில் அந்தக் கேள்வி எழும்பி, தொண்டைக்கு வந்து, நாக்கின் நுனிக்கும் வந்தது. கண்ணாடியில் நுஸ்லா அதைக் கண்டுவிட்டாள். சின்னத் தோள்கள் மெல்ல இறுகின.

“என்ன உம்மா?”

மஸூதா மேசையிலிருந்து கொண்டை ஊசிகளை அள்ளி ஒவ்வொன்றாக உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். கூந்தலை மூன்றாகப் பிரித்து, இறுக்கமில்லாமல் பின்னத் தொடங்கினாள். பின்னல் முடிந்த பிறகும் வாயில் இரண்டு ஊசிகள் மிச்சமிருந்தன. அவற்றை எடுக்காமல், பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.